ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டுவது எப்படி: வார்டில் கேட்பதிலிருந்து கிராம சபையில் கணக்கு வாசிப்பது வரை

தாலுகா அரசு மருத்துவமனைக்கு ஏதாவது செய்யலாம் என்று ஊரில் நாலு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால், பத்தாவது நிமிடத்தில் ஒருவர் "டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் கொடுத்துடலாம்ணே" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நோயாளிக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் சுமார் 120 லிட்டர் திரவம் வேண்டும், அதைச் சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரில்தான் கலக்க முடியும், அதற்குத் தனி பிளான்ட், அதை ஓட்டத் தடையில்லாத மின்சாரம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், மேற்பார்வைக்கு டாக்டர், ஒவ்வொரு முறைக்கும் ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், குழாய் செட், ஊசி. இதெல்லாம் இல்லாமல் மெஷின் மட்டும் வந்து இறங்கினால் பாலிதீன் உறையோடு ஒரு மூலையில் நிற்கும், சுவரில் நன்கொடையாளர் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பணம் கேட்பது முதல் வேலை அல்ல, பாதி தூரம் போன பிறகுதான் அது வரும். என்ன தேவை, யார் அனுமதிக்க வேண்டும், பணம் எந்தக் கணக்கில் விழும், வாங்கிய பொருளை யார் பார்த்துக்கொள்வார்கள், இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால் தமிழ்நாட்டு ஊர்களில் பணம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தரும் கைகள்தான் இதற்கும் தரப்போகின்றன.

ஆஸ்பத்திரி யார் கையில் இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் "கவர்மென்ட் ஆஸ்பத்திரி"தான், உள்ளே மூன்று தனித்தனி நிர்வாகம். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வரும், அங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் வட்டார மருத்துவ அலுவலர். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் துறையைச் சேர்ந்தவை. உள்ளே தலைமை மருத்துவர், மாவட்ட அளவில் அவருக்கு மேலே இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். ஆள் மாறிப் போய்க் கடிதம் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும், நீங்களும் கூடவே சுற்ற வேண்டும்.

கட்டடம் வேறு கதை. சுவரில் ஓட்டை போடுவது, ஷெட் கட்டுவது, கழிப்பறையை இடித்துக் கட்டுவது எதுவானாலும் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் சம்மதம் வேண்டும். டாக்டர் "கட்டிக்கோங்க" என்று வாயால் சொன்னதை நம்பி ஜல்லி இறக்காதீர்கள்.

பட்டியலை வார்டில் போடுங்கள்

டீக்கடையில் உட்கார்ந்து தேவைப் பட்டியல் போட்டால் அதில் மெஷின்கள்தான் இருக்கும். காலையில் ஓபி சீட்டு கொடுக்கும் நேரத்தில் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமையும், தடுப்பூசி போடும் புதன்கிழமையும் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் இட நெருக்கடி, உட்கார நாற்காலி இல்லாதது, தண்ணீர், கழிப்பறை எல்லாம் அன்றைக்குத்தான் அப்பட்டமாகத் தெரியும். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் தூணில் சாய்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் பட்டியலின் முதல் வரி தானாக எழுதப்பட்டுவிடும்.

டாக்டரிடம் மட்டும் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டாம். நைட் டியூட்டி சிஸ்டர், துப்புரவுப் பணியாளர், மருந்தாளுநர், நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பவர், இந்த நாலு பேரும் சொல்வது வேறு மாதிரி இருக்கும். "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். "நேத்து ராத்திரி எது இல்லாம கஷ்டப்பட்டீங்க சிஸ்டர்?" என்று கேளுங்கள், கொட்டும். டிரிப்ஸ் ஸ்டாண்ட் பத்தாமல் ஜன்னல் கம்பியில் கட்டியது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் சுற்றாமல் நாலு பேர் தூக்கியது, பிரசவ வார்டில் மறைப்புத் திரை இல்லாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று ஒவ்வொன்றாக வரும்.

கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, அரசு செய்தே ஆக வேண்டியது: காலிப் பணியிடம், மருந்து, ஆம்புலன்ஸ். இதற்கு ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். மருந்து விஷயத்தில் நல்ல மனதோடு பலர் சறுக்குவார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி, தரம் பரிசோதித்து அனுப்புவதற்கென்றே 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் வைத்து ஒதுக்கீடு நடக்கிறது. நீங்கள் கடையில் வாங்கிக் கொடுக்கும் மாத்திரை அந்தக் கணக்குக்குள் வராது, காலாவதியானால் யார் பொறுப்பு என்ற கேள்விதான் மிஞ்சும். மருந்து இல்லையா, டாக்டர் இல்லையா, 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். நிதி திரட்டும் குழுவே இந்த மனுவையும் கொடுப்பது நல்லது. "அதான் ஊரே பார்த்துக்குதே" என்று அரசு கையை விட்டுவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

இரண்டாம் வகை, ஒருமுறை கொடுத்தால் பல வருஷம் பெரிய செலவில்லாமல் ஓடுவது. வீல்சேர், ஸ்ட்ரெச்சர், டிரிப்ஸ் ஸ்டாண்ட், திரைச் சட்டம், ரெக்சின் மெத்தை, கட்டிலில் ஏறப் படி, காத்திருப்போருக்கு இரும்பு நாற்காலி, கழிப்பறையில் பிடித்து எழும்பக் கைப்பிடிக் கம்பி, எந்த அறை எங்கே என்று பெரிய எழுத்தில் பெயர்ப் பலகை. சின்னச் சின்ன விஷயம்தான். ஆனால் நோயாளியின் நாளை மாற்றுவது பெரும்பாலும் இவைதான். என்னைக் கேட்டால் ஒரு மானிட்டரைவிட, தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற இரண்டு பெண்கள் கழிப்பறை முதலில் வர வேண்டும். அதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் வகை, வாங்கிய பிறகும் செலவு வைப்பது: ஆர்ஓ குடிநீர், இன்வெர்ட்டர், ஏசி, மானிட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர். 2021 கொரோனா இரண்டாம் அலையில் கான்சென்ட்ரேட்டர்கள் நன்கொடையாகக் குவிந்தன. அதன் ஃபில்டரை யார் மாற்றுவது என்று அப்போது கேட்க யாருக்கும் நேரம் இல்லை, அது நியாயம்தான். இப்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. பராமரிப்புப் பணத்தையும் சேர்த்துத் திரட்ட முடியும் என்றால் மட்டும் இந்த வகைக்குப் போங்கள்.

முதல் தடவை செய்பவர்கள் இரண்டாம் வகையிலிருந்து ஒரே ஒரு வார்டைத் தேர்ந்தெடுங்கள். "பிரசவ வார்டுக்கு இந்தப் பதினொரு பொருள்" என்று சொல்ல முடிய வேண்டும். "மருத்துவமனை மேம்பாடு" என்று நோட்டீஸ் அடித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

எழுத்தில் வாங்க வேண்டியவை

பட்டியலோடு தலைமை மருத்துவரைப் பாருங்கள். அவர் தயங்கினால் கோபப்பட வேண்டாம். நாளைக்குத் தணிக்கையில் "இந்தப் பொருள் எப்படி வந்தது?" என்று அவரைத்தான் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒரு கடிதம், அதில் இவை இருக்க வேண்டும்: இன்னின்ன பொருள் தேவை, நன்கொடையாகப் பெற்றுக்கொள்ள சம்மதம், எந்த வார்டில் வைக்கப்படும், வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படும், பழுதானால் யார் பொறுப்பு. மின்சாரத்தில் ஓடும் பொருள் என்றால் அந்த வார்டின் வயரிங் தாங்குமா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பல பழைய கட்டடங்களில் ஒரு கீசர் போட்டாலே ஃபியூஸ் போகும்.

அப்படியே நோயாளர் நலச் சங்கத்தைப் பற்றியும் கேளுங்கள். 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தோடு அரசு மருத்துவமனைகளுக்கு இப்படி ஒரு பதிவு பெற்ற சங்கம் அமைக்கப்பட்டது. நன்கொடை வாங்கவும் மருத்துவமனைத் தேவைக்குச் செலவழிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஊர்ச் சங்கம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்தாலே நிலைமை விளங்கிவிடும்.

பணம் எந்தக் கணக்கில்?

ஒருவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம், நல்லவர் என்றால் இன்னும் முக்கியமாக வேண்டாம், ஏனென்றால் பின்னால் பேச்சு வாங்கப்போவது அவர்தான்.

மூன்று வழி இருக்கிறது. நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கிலேயே போடச் சொல்லலாம். ரசீது அங்கேயே கிடைக்கும், ஆனால் செலவு முடிவு உங்கள் கையில் இருக்காது, வேகமும் குறைவு. இரண்டாவது, ஊரில் ஏற்கெனவே நன்றாக நடக்கும் ரோட்டரி, லயன்ஸ் அல்லது ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளையோடு சேர்ந்து செய்வது. முதல் முறைக்கு இதுதான் சுலபம், என் ஓட்டு இதற்குத்தான். மூன்றாவது, நீங்களே அமைப்பு தொடங்குவது. அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், சங்கம் என்றால் 1975-ஆம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஒரு வார்டுக்காக இவ்வளவு தேவையில்லை. வருஷா வருஷம் செய்யப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள்.

எந்த வழியானாலும் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது, ஒரே கட்சிக்காரர்களாகவும் இருக்காவிட்டால் நிம்மதி.

வரிச்சலுகையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். எல்லோரும் 80ஜி என்று சொல்லும் சலுகை, அந்தப் பதிவு வைத்திருக்கும் அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மார்ச் மாதம் வரும் சண்டை மிச்சம்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் அதிக கவனம் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சேமிப்பில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர், கனடா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. அவரிடம் "அண்ணே, இப்ப வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நிதி திரட்டுவது சட்டப்படி குற்றம். சிங்கப்பூரிலும் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட அனுமதி வேண்டும். அங்கே இருக்கும் நம் பையன் ஆர்வத்தில் கேம்ப் முழுக்க வசூல் செய்ய ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வது அவன்தான். அவரவர் பங்கை அவரவர் வங்கியிலிருந்து நேராக அனுப்பட்டும்.

விலைக் கணக்கு

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். அதில் ஜிஎஸ்டி, வண்டி வாடகை, பொருத்தும் கூலி, வாரண்டி எத்தனை வருஷம், அதற்குப் பிறகு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் எவ்வளவு, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், இவ்வளவும் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு "சென்னையிலிருந்து வருவாங்க" என்று பதில் வந்தால், நீங்கள் தென்காசிப் பக்கம் இருந்தால், அந்தக் கடையைத் தள்ளிவிடலாம்.

உதாரணமாக, பொருள்களின் விலை எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வையுங்கள். அதன் மேல் வண்டி, பொருத்துதல், வயரிங் என்று 40 ஆயிரம். மூன்று வருஷப் பழுதுபார்ப்புக்கு 60 ஆயிரம் தனியாக. ஆக 5 லட்சம். ஊரில் கேட்க வேண்டிய தொகை 5 லட்சம், 4 அல்ல. அந்த 60 ஆயிரத்தை அப்போதே தனி வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் "வீல்சேர் சக்கரம் மாத்த 800 ரூபாய்" என்று பின்னால் யாரிடமும் வசூலிக்க முடியாது. புதுசுக்குக் கொடுப்பவர்கள் ரிப்பேருக்குக் கொடுப்பதில்லை.

இப்போது கேளுங்கள்

முதலில் குழுவில் இருப்பவர்கள் போட வேண்டும். சின்னத் தொகையானாலும் பட்டியலில் முதல் பத்துப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும், "நீ எவ்வளவு போட்ட?" என்ற கேள்வி வரும். அடுத்து, வசதியான இருபது முப்பது வீடுகளை எழுதிக்கொண்டு நேரில் போங்கள். போனில் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் கேட்கவே கேட்காதீர்கள். அந்த வீட்டில் மதிப்புள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேராகப் போய், கையில் டாக்டர் கடிதமும் விலைப் பட்டியலும் வைத்து, தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால முடிஞ்சது" என்றால் 500 வரும். "மாமா, ஒரு ஸ்ட்ரெச்சர் உங்க பேர்ல எடுத்துக்கிறீங்களா?" என்றால் யோசிப்பார், வீட்டுக்குள் கேட்பார், பெரும்பாலும் சரி என்பார். கோயிலில் உபயம் எடுப்பது போலத்தான், பழகிய வழி.

தேவையில் மூன்றில் ஒரு பங்காவது இப்படிச் சேர்ந்த பிறகு பொதுவில் அறிவியுங்கள். வெறும் பூஜ்யத்தில் தொடங்கும் வசூலைப் பார்த்தால் மக்கள் ஒதுங்குவார்கள். வாட்ஸ்அப் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "நம்ம ஊர் ஜிஎச் பிரசவ வார்டுக்கு 11 பொருள் வாங்குகிறோம். மொத்தம் 5 லட்சம், இதுவரை 1.8 லட்சம் சேர்ந்துள்ளது. டாக்டர் கடிதம், விலைப் பட்டியல் இணைப்பில். அறக்கட்டளையின் கணக்கு எண்ணும் க்யூஆரும் கீழே. ஒவ்வொரு நாள் இரவும் கணக்கு இந்தக் குழுவில் வரும்." அவ்வளவு போதும். அழும் குழந்தை படம், படுத்திருக்கும் நோயாளி படம் எதுவும் வேண்டாம். அவர்கள் சம்மதம் கேட்கவும் இல்லை, கேட்டாலும் அந்த நிலையில் மறுக்க முடியாது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மொய் விருந்து என்ற அருமையான வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போட்டு, மொய் நோட்டில் எழுதி, ஒரே நாளில் பெரிய தொகை திரளும். 2018 கேரள வெள்ளத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் இதே முறையில் டீ கொடுத்து நிவாரணத்துக்கு மொய் வாங்கினார். ஆஸ்பத்திரிக்குச் செய்யும்போது ஒன்றை மட்டும் பத்திரிகையிலேயே தெளிவாக அச்சடிக்க வேண்டும்: இது திருப்பிச் செய்யும் மொய் அல்ல. அந்த வட்டாரத்தில் மொய் என்பது கடன் மாதிரி, எழுதியவர் தன் வீட்டு விருந்தில் எதிர்பார்ப்பார். சாப்பாட்டுச் செலவை ஒருவரே உபயமாக ஏற்றுக்கொண்டால் வந்தது முழுக்க ஆஸ்பத்திரிக்கு.

மற்ற ஊர்களில் நடை, ஓட்டம், பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு எதுவானாலும் சரி. இலங்கையில் 2011-இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையில் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை நடந்தே போய்த் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார்கள். 2016-இல் அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்து காலி நகரின் கராப்பிட்டிய மருத்துவமனைக்குத் திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் கூடவே நடந்தார்கள். வாரக்கணக்கில் நடந்ததால் வாரக்கணக்கில் செய்தியில் இருந்தது, வழியில் இருந்த ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்குச் சேர முடிந்தது. சின்ன ஊருக்கும் இது பொருந்தும், ஒரே நாளில் முடிக்காமல் தெருத் தெருவாக ஒரு மாதம் நீட்டலாம்.

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம், அரசின் நமக்கு நாமே திட்டம் எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். நமக்கு நாமேயில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒன்று கட்டினால் மீதியை அரசு போடும், கட்டட வேலைக்கு ஏற்றது. ஆனால் இவையெல்லாம் ஃபைல் நகரும் வேகத்தில்தான் வரும், வந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரொக்கம் வாங்கினால் எண் போட்ட ரசீதுப் புத்தகம், அன்றைக்கே வங்கியில் கட்டுவது, இரண்டும் கட்டாயம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் உண்டியல் குலுக்காதீர்கள், வைத்தியத்துக்குக் காசு கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு பாட்டி திரும்பிப் போய்விடுவார்.

வாங்கி ஒப்படைப்பது

பில் அறக்கட்டளை பெயரில், வாரண்டி அட்டை மருத்துவமனை பெயரில். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள், பொருளைப் பொருத்தி ஓட்டிக் காட்டிய பிறகு மீதிப் பாதியைக் கொடுங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறியதும் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இயங்கும் பொருள் என்றால் கம்பெனி ஆளை மூன்று ஷிப்ட் சிஸ்டர்களுக்கும் விளக்கச் சொல்லுங்கள். காலை ஷிப்டுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் ராத்திரியில் யாரும் தொட மாட்டார்கள்.

பெயர் போடுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ட்யூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய ஊர் நம்முடையது. வார்டு வாசலில் ஒரே பலகை, எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், என்று வசூல் தொடங்கும் முன்பே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். ஒப்படைக்கும் விழா வார்டுக்கு வெளியே, ஓபி முடிந்த பிற்பகலில், மைக் இல்லாமல். தேர்தல் நெருங்குகிறதா என்றும் பாருங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் அமைச்சருக்காகக் காத்திருக்கும் கட்டில்கள் குடோனிலேயே கிடக்கும். சிறப்பு விருந்தினர் இல்லாமலே கொடுத்துவிடலாம், கட்டிலுக்குத் தேவை நோயாளிதான்.

கணக்கு, அதற்குப் பிறகு

வரவு, செலவு, பில் நகல் மூன்றையும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், நோட்டீஸாக அடித்து ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். கிராமம் என்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து வாசிக்கலாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. குறுக்குக் கேள்வி வரும், வரட்டும். 50 ரூபாய் கொடுத்தவருக்கும் கேட்க உரிமை உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவிலிருந்து ஒருவர் கையில் பட்டியலோடு வார்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எது ஓடுகிறது, எது உடைந்தது, எது வேறு வார்டுக்குப் போனது. போனால் தப்பில்லை, அங்கே தேவை அதிகமாக இருந்திருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள். உடைந்ததை அந்த 60 ஆயிரத்திலிருந்து சரிசெய்யுங்கள். மூன்று வருஷம் கழித்து அதில் மீதி இருந்தால் யாரைக் கேட்டு எதற்குச் செலவழிப்பது என்பதையும் முதல் கூட்டத்தின் தீர்மான நோட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்புறம் அதே சிஸ்டரிடம் போய், நேற்று ராத்திரி எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள் என்று மறுபடியும் கேட்கலாம்.